ஹாங்காங்கில் முதலாளிக்கு எத்தனை பெயர்?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஹாங்காங்கில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதை 'கணவாய் வறுப்பது' என்பார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஹாங்காங்கில் ஷெங் வான் பகுதியில் ஒன்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அங்கே பேசுகிற சீன மொழியான காண்டனீஸை வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை, சரக்கு இறக்குகிறவர்களோடு டீ குடித்துத்தான் படித்தேன். அதனால் இந்த இதழ் முழுக்க அதே விஷயம்.

? என் மகன் ஹாங்காங்கில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அங்கே எல்லாரும் முதலாளியை 'லோ சை' என்கிறார்களாம். 'வயசான சின்னவன்' என்று யாரோ பொருள் சொல்லிவிட, பிள்ளை அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே பயப்படுகிறான். மரியாதை இல்லாத சொல்லா அது?
— ஒரு தாய், நாமக்கல்

பயப்பட ஒன்றுமில்லை அம்மா. 'லோ' என்றால் வயதானது, 'சை' என்றால் சின்னது, அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் இந்த 'லோ' வயதைச் சொல்வதற்காக வருவதில்லை. மனைவி 'லோ போ', கணவன் 'லோ கோங்', ஆசிரியர் 'லோ ஸி', காட்டில் இருக்கிற புலிகூட 'லோ ஃபூ'தான். பழகிய, கொஞ்சம் பயமும் கலந்த நெருக்கத்தை அந்த ஓர் அசை காட்டிவிடும். 'சை' ஏன் வந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்வார்கள். உலகம், தலைமுறை என்று பொருள்படும் இன்னொரு எழுத்துக்கும் இதே ஒலிதான், அதுதான் இப்படி மாறிவிட்டது என்பது அதில் ஒன்று. முதலாளியின் முகத்துக்கு நேரேயே 'லோ சை' என்று கூப்பிடலாம், தவறே இல்லை. 'லோ பான்' என்பது கொஞ்சம் எழுத்து வழக்கு, கடை வாசலில் நிற்கிற வாடிக்கையாளரும் கடைக்காரரை அப்படித்தான் அழைப்பார். ஆங்கிலத்திலிருந்து போன 'போ ஸி'யும் உண்டு.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். ஹாங்காங் அலுவலகங்களில் பலர் பீட்டர், ஜெனி என்று ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு அதாலேயே அழைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் குடும்பப் பெயரோடு 'ஸாங்' சேர்ப்பார்கள், 'சான் ஸாங்', 'வோங் ஸாங்' என்று. நம் 'ஐயா' மாதிரி அது. இரண்டு வாரம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே கூப்பிடட்டும்.

? முதலாளி, மேனேஜர், மேற்பார்வையாளர் எல்லாரையும் ஒரே சொல்லில் சொல்வார்களா, தனித்தனியாக உண்டா?
— ஒரு வாசகர், திருப்பூர்

நல்ல கேள்வி. எனக்கு இந்த மொழி மேல் பிரியம் வந்ததற்குக் காரணமே இதற்கான பதில்தான்.

'தௌ' என்றால் தலை. நாம் தலைவர், தலையாரி என்று கட்டிக்கொண்ட மாதிரி அவர்களும் தலையை வைத்து ஒரு வரிசையே கட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு நேர் மேலே இருந்து வேலை வாங்குகிறவர் 'ஆ தௌ'. கடையைச் சொந்தமாக வைத்து நடத்துகிறவர் 'ஸி தௌ', அதாவது காரியத்துக்குத் தலை, அவர் வீட்டம்மா 'ஸி தௌ போ'. கட்டட வேலையில் ஒப்பந்தக்காரர் 'பூன் தௌ'. அவர்களுக்குள்ளும் பெரிய பூன், இரண்டாம் பூன், மூன்றாம் பூன் என்று வேலை கை மாறிக்கொண்டே இறங்கும், ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் பணம் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் கம்பி கட்டுகிறவன் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். 2007ல் அந்தக் கம்பி கட்டும் தொழிலாளர்கள் 36 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தினக்கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும். சைட்டில் நிற்கிற 'ஃபோ மன்' ஆங்கில ஃபோர்மேன்தான். நம்மூர் மேஸ்திரி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த மாதிரி.

இவர்களெல்லாம் தலைகள். ஆனால் சோறு போடுகிறவரும் தலையும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையே? அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: 'மை ஃபான் பான் ஜ்யூ'. அரிசிச் சோற்றுக் குழுத் தலைவர் என்று பொருள். கூத்துக் கம்பெனிகளின் வழக்கு இது, நாடகக் குழுவைச் சொந்தமாக வைத்திருப்பவர்தான் 'பான் ஜ்யூ', அவர் சோறு போட்டால்தான் ராஜபார்ட்டும் சாப்பிட முடியும். இன்று யாருடைய பணத்தில் உங்கள் அடுப்பு எரிகிறதோ அவர், முதலாளியோ பெரிய வாடிக்கையாளரோ, அந்தப் பெயருக்கு உரியவர். 'படியளக்கிற மகராசன்' என்று நம் பாட்டிமார் சொல்வது அப்படியே இதுதான். சம்பளம் போடுவதற்கும் அவர்கள் சொல் 'ச்சொட் லொங்', தானியம் அளந்து கொடுப்பது. இன்றைக்குப் பணம் நேரே வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது, ஆனாலும் மாதக் கடைசியில் 'தானியம் வந்துடுச்சா?' என்றுதான் கேட்பார்கள்.

மூன்றாவது ஒருவர் இருக்கிறார், அவர்தான் முக்கியம். 'வா ஸி யன்', காரியத்தில் சொல் செல்லுபடியாகிற ஆள். 'பின் கோ வா ஸி?' என்றால் 'இங்கே யார் சொல்வது நடக்கும்?' என்று பொருள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் மதியம், சரக்குக் கொண்டுவந்த ஒருவர் மேனேஜரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தார். நேரே கதவோரத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் குனிந்து, மெல்லிய குரலில் இதே கேள்வியைக் கேட்டார். பையன் வாயைத் திறக்கவில்லை. பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. கண்ணை மட்டும் உள்ளே கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த முதலாளியின் அக்கா பக்கம் திருப்பினான். அவ்வளவுதான், வந்தவர் புரிந்துகொண்டு அந்த அம்மாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பத்து நிமிடத்தில் விலை முடிந்தது.

சொந்தக்காரர் ஒருவர், வேலை வாங்குகிறவர் ஒருவர், சொல் செல்கிறவர் ஒருவர். இந்த மூன்றையும் குழப்பாமல் வைத்திருக்கிற மொழியாக எனக்கு அது தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த இடத்தில் யார் யாரைப் பற்றி எந்தச் சொல் வருகிறது என்று கவனித்தாலே போதும், அந்த அலுவலகத்தின் உள்கட்டு முழுக்கத் தெரிந்துவிடும். சுவரில் மாட்டியிருக்கிற பதவிப் பட்டியலில் அது கிடைக்காது.

? எங்கள் ஊரில் சீன முதலாளியைத் 'தவுக்கே' என்போம். அதுவும் காண்டனீஸ்தானா?
— ஒரு வாசகி, கிள்ளான், மலேசியா

இல்லை, அது ஹொக்கியன், இன்னொரு சீன மொழி. ஆனால் உறவு இருக்கிறது. தவுக்கேயில் முதலில் வரும் 'தவு'வும் நான் மேலே சொன்ன 'தௌ'வும் ஒரே எழுத்து, ஒரே தலை. வீட்டுக்குத் தலை என்பது சொல்லின் பொருள். ஹொக்கியன் பேசுகிறவர்கள் கொண்டுவந்த சொல்லை மலாய்க்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், தமிழர்களும் எடுத்துக்கொண்டோம். பதிலுக்கு நம் 'கங்காணி' அந்த நாட்டு ஆங்கிலத்துக்குப் போனது.

? கணவாய் வறுப்பதற்கும் வேலை போவதற்கும் என்ன சம்பந்தம்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.
— ஒரு வாசகர், தூத்துக்குடி

தூத்துக்குடிக்காரருக்குச் சொல்வது சுலபம். ஊசிக்கணவாயைக் கீறிச் சூடான சட்டியில் போட்டால் என்ன ஆகும்? விரிந்து கிடந்தது ஒரு நொடியில் குழலாகச் சுருண்டுகொள்ளும். அந்தக் காலத்தில் கடையில் வேலைக்குச் சேர்கிறவர்கள் படுக்கையையும் கொண்டுவந்து கடையிலேயே படுத்துக்கொள்வார்கள். வேலை போனால் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சுருண்ட படுக்கை, சுருண்ட கணவாய். 'ச்சாவ் யௌ யூ' என்பது அந்தச் சொல். வர வர 'வறுத்துட்டாங்க' என்று சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. நாம் 'சீட்டைக் கிழிச்சுட்டாங்க' என்கிறோமே, அதே வேகம். இதில் எனக்குப் பிடித்தது, சொல் தலைகீழாகவும் நிற்கும்: ஒருவர் தானே வேலையை விட்டு வந்தால் 'லோ சையின் கணவாயை நான் வறுத்துட்டேன்' என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

இதே மாதிரிப் பழைய ஒன்று உண்டு, 'மோ ச்சிங் கை', இரக்கமில்லாத கோழி. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே வரிசையாக உலர்மீன் கடைகள். அந்தத் தெரு முழுக்கவே அந்த வாசனைதான், காய்ந்த சிப்பி, காய்ந்த கணவாய், மீனின் காற்றுப்பை எல்லாம் சாக்குகளில் வாசல் வரை வழியும். சாயங்காலம் கடைக்கு நடுவே வட்ட மேசையைப் போட்டு, முதலாளியும் வேலைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்படி ஒரு மேசையில்தான் ஒரு பெரியவர் எனக்கு இதைச் சொன்னார். சீனப் புத்தாண்டை ஒட்டி முதலாளி விருந்து வைப்பார், கோழி கட்டாயம் இருக்கும். எல்லாரும் காத்திருப்பார்கள், யாரும் கோழியைத் தொட மாட்டார்கள். முதலாளி குச்சியால் ஒரு துண்டை எடுத்து ஒருவருடைய கிண்ணத்தில் வைப்பார். வைத்தால், இந்த வருடம் உனக்கு இங்கே வேலை இல்லை என்று அர்த்தம். கோழித் தலை யார் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் மூடிக் காட்டினார், அந்த நேரத்தில் எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்களாம்.

சம்பளத்தைத் தானியம் என்றும் வேலையைச் சோற்றுக் கிண்ணம் என்றும் சொல்கிற மொழியில், வேலை போவதும் சாப்பாட்டு மேசையிலேயே நடந்திருக்கிறது. எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அந்த வழக்கம் போய்விட்டது, கோழியின் இடத்தில் 'பெரிய உறை' வந்துவிட்டது, வேலைநீக்கக் கடிதம் உள்ள உறை. சொல் மட்டும் உயிரோடு இருக்கிறது.

? ஹாங்காங்கில் போலீஸ்காரரையும் பள்ளி ஆசிரியரையும் 'சார்' என்றே அழைப்பதாகப் படித்தேன். உண்மையா?
— ஒரு மாணவி, மதுரை

உண்மை. 'ஆ ஸேர்' என்பார்கள், நம் சாருக்கு முன்னால் ஓர் 'ஆ'. பெண் போலீஸ் 'மேடம்', பள்ளியில் டீச்சர் 'மிஸ்'. மதுரையிலும் அதேதானே? இரண்டு ஊரையும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சி ஆண்டிருக்கிறது, 1841 முதல் 1997 வரை அங்கே. ஆனால் போலீஸ் கமிஷனருக்கு மட்டும் ஆங்கிலம் கிடையாது, அவர் 'யட் கோ', முதல் அண்ணன்.

அதிகாரத்தை உறவுமுறைக்குள் கொண்டுவருவது அவர்களுக்கும் பழக்கம். பெரும் பணக்காரர் லீ கா-ஷிங்கை ஊரே 'ஸிங் கோ', ஸிங் அண்ணன் என்றது. நிலம், கட்டடத் தொழிலில் கொடிகட்டிய லீ ஷௌ-கீ 'நாலாவது சித்தப்பா', ஏனென்றால் அவர் வீட்டில் நாலாவது பிள்ளை. சினிமா, டிவி அதிபர் ரன் ரன் ஷா 'ஆறாவது சித்தப்பா', 2014ல் இறக்கும்வரை அப்படியே. நம் கடைத்தெருவில் அண்ணாச்சி என்றால் அந்த ஒரு சொல்லில் கடனும் கிடைக்கும் கண்டிப்பும் கிடைக்கும் இல்லையா, அந்த மாதிரி.

? எலிசபெத் ராணிக்கு ஹாங்காங்கில் பட்டப்பெயர் இருந்ததாமே?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

இருந்தது, மேலேயே அது வந்துவிட்டது: 'ஸி தௌ போ', கடைக்கார முதலாளியம்மா. காசில் அவர் முகம், தபால் தலையில் அவர் முகம், கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற முதலாளியம்மா மாதிரியே. 1993 முதல் புதுக் காசுகளில் அவர் முகத்துக்குப் பதிலாக பௌஹினியா பூ வந்தது, நம் மந்தாரை இனத்துப் பூ. 2022 செப்டம்பரில் அவர் இறந்தபோது பிரிட்டிஷ் தூதரக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று பூ வைத்தார்கள், அப்போதும் பலர் வாயில் வந்தது இந்தப் பெயர்தான். ஆண்டவர்களைப் பற்றி அந்த மக்களுக்குப் பலவிதக் கருத்து உண்டு, வரிசையில் நின்றவர்களுக்குள்ளும் இருந்திருக்கும். ஆனால் மகாராணி என்ற சொல்லை விட்டுவிட்டுக் கடைக்காரம்மா என்று அழைத்தால் அங்கே மரியாதையும் இருக்கிறது, சமமாகப் பார்க்கிற ஒரு கண்ணும் இருக்கிறது.

? மேலதிகாரிகளைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசும் சொற்களுக்கு ஒரு பத்திரிகை இத்தனை பக்கம் தரலாமா? இளைஞர்களுக்குப் பணிவைச் சொல்லிக்கொடுங்கள்.
— ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்தச் சொற்களில் பாதி மேலதிகாரிகளைத் திட்டுவதே இல்லை, கூட வேலை செய்கிறவர்களைத்தான் திட்டுகின்றன. நாம் காக்கா பிடிப்பது என்பதை அவர்கள் 'ச்சாட் ஹாய்', ஷூ துடைப்பது என்பார்கள். ஓபி அடிக்கிறவன் 'ஸே வோங்', பாம்பு ராஜா, அசையாமல் சுருண்டு கிடப்பதால். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனை 'கிண்ணத்தில் தின்றுவிட்டுக் கிண்ணத்தையே கவிழ்த்தவன்' என்பார்கள். இதில் பணிவுக்கு எதிராக என்ன இருக்கிறது?

மிச்சப் பாதி மேலே இருப்பவர்களைப் பற்றியதுதான், ஒப்புக்கொள்கிறேன். 'மே வோக்' என்றால் சட்டியை முதுகில் சுமப்பது. மேலே ஒருவர் செய்த தவறுக்குக் கீழே ஒருவர் கரி பிடித்த சட்டியைத் தூக்குவது. 'செத்த பூனையைத் தின்பது' என்றால் செய்யாத தப்பை வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்வது. 'பெரிய பாறை நண்டை நசுக்கிக் கொல்லும்' என்றால் அதிகாரத்துக்கு முன்னால் நியாயம் எடுபடாதது. அதிகாரி என்ற சீன எழுத்தை எழுதிப் பாருங்கள், கூரைக்குக் கீழே இரண்டு வாய் தெரியும், அதனால் 'அதிகாரிக்கு இரண்டு வாய்' என்பார்கள், காலையில் ஒன்று மாலையில் ஒன்று சொல்லலாம்.

நானும் ஒரு தடவை சட்டி சுமந்திருக்கிறேன். ஒரு கப்பல் ரசீதில் எடை தப்பாகப் போனது, எழுதச் சொன்னவர் ஒருவர், கையெழுத்து என்னுடையது. அன்று மாலை பக்கத்து மேசைக்காரர் என் தோளில் கை வைத்து 'மே வோக்' என்ற இரண்டு அசையை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நடந்தது எனக்கு மட்டும் நடப்பதில்லை, அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வேன்? அடுத்த நாள் தலை நிமிர்ந்து வேலைக்குப் போக முடிந்தது. அதனால் இந்தச் சொற்கள் இளைஞர்களுக்கு வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

? கேட்டரிங் படித்து முடித்துவிட்டு ஒரு காண்டனீஸ் உணவகச் சமையலறையில் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே யாரை எப்படி அழைப்பது?
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, அங்கே பதவியெல்லாம் சட்டியும் கட்டையும்தான். தலைமைச் சமையல்காரர் 'தௌ வோக்', தலைச் சட்டி. உலகம் முழுக்க வோக் என்கிற சொல்லே காண்டனீஸிலிருந்து போனதுதான். அவருக்கு அடுத்தவர் 'யீ வோக்', இரண்டாம் சட்டி, அப்படியே வரிசையாகப் போய்க் கடைசியில் 'மெய் வோக்', வால் சட்டி. வெட்டுக் கட்டையில் நிற்கிறவர்களுக்கும் இதே மாதிரி தலையிலிருந்து வரிசை உண்டு. ஆவி அடுப்பைப் பார்க்கிறவர் 'ஸொங் ஜாப்', மீனை உரித்துக் கழுவுகிறவர் 'ஸொய் தோய்', தண்ணீர் மேடை. வெளியே சாப்பாட்டு அறையில் மேசைகளைக் கவனிக்கிற கேப்டன் 'போ ஜொங்'. சீன அரசாங்கத்தில் மந்திரிக்கும் இதே சொல்தான், அதனால் குழம்ப வேண்டாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவர் 'டா ஹோ'. சட்டிக்குப் பின்னால் நின்று, வெட்டிய பொருளை வரிசைப்படி எடுத்து வைத்து, தட்டை நீட்டி, மேலே கொத்தமல்லி தூவி அனுப்புகிற ஆள். பதவியில் கீழேதான், ஆனால் எந்த மேசைச் சாப்பாடு முதலில் சட்டிக்குப் போக வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. எல்லாரையும் 'ஸி ஃபூ' என்று அழையுங்கள், நம் மாஸ்டர் மாதிரி, யாரும் கோபிக்க மாட்டார்கள். முதல் வாரம் டா ஹோவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு நில்லுங்கள். கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு நில்லுங்கள், அங்கே இடம் மிகவும் குறுகல், பின்னால் எப்போதும் யாராவது கொதிக்கிற எண்ணெயோடு வந்துகொண்டிருப்பார்.